பேட்டில் கான்வாய் முஷ்டி வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

பழைய ஜப்பானிய ரோபோ பொம்மை சேர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, பொம்மை கையில் இருக்கிறது, துப்பாக்கியும் முஷ்டியும் ஏவுகணையும்தான் இல்லை, அதைத் தனியாகப் பிடித்துவிடலாம் என்று தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு. டோக்கியோவிலிருந்து, தனிநபர்கள் பழைய பொருள் விற்கும் ஒரு ஃப்ளீ மார்க்கெட் ஆப்பில், பேட்டில் கான்வாய் என்ற லாரி ரோபோவுக்கு "1983 அசல், ஆக்சசரி முழு செட்" என்று போட்டு, வீட்டில் வார்த்த ரெசின் (ஊற்றினால் இறுகும் பிசின்) பாகங்களையும் மறுவெளியீட்டுப் பாகங்களையும் கலந்து ஒருவர் விற்கிறார். என்னிடம் 14,800 யென் வாங்கினார். பெரிய மல்லுக்கட்டுக்குப் பிறகு பணம் திரும்பி வந்தது. ஆனால் ஆள் இன்னும் கடை விரித்துத்தான் இருக்கிறார். கணக்கின் பெயர்தான் மாறியிருக்கிறது.

முதலில் என்ன பொருள் என்று சொல்லிவிடுகிறேன். டகாரா நிறுவனம் 1980-ல் டயாக்ளோன் என்ற வரிசையைத் தொடங்கியது. ரோபோவுக்குள் உட்கார்ந்து ஓட்ட, காலில் காந்தம் வைத்த விரலளவு குட்டி டிரைவர்கள் உண்டு. 1982-ல் நிஜக் கார்கள் ரோபோவாக மாறும் கார் ரோபோ வரிசை வந்தது. 1983-ல் அதில் வந்த லாரிதான் பேட்டில் கான்வாய். மறுவருடம் ஹாஸ்ப்ரோ இதையெல்லாம் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று விற்றபோது அந்த லாரி ஆப்டிமஸ் பிரைம் ஆனது. குட்டி டிரைவர்களைக் கழற்றிவிட்டார்கள். ஆப்டிமஸின் மார்புக் கண்ணாடியைத் திறந்தால் உள்ளே யாருக்கோ போட்டுவைத்த இருக்கை இருக்கும், பார்த்திருப்பீர்கள். அது இவர்களுக்காகத்தான்.

இந்த லாரிக்கு இரண்டு கைமுஷ்டியும் தனித்தனியாகக் கழன்று வரும். லாரியாக மாற்றும்போது கழற்றித்தான் ஆகவேண்டும். கழற்றியதை ஒரு பையன் எங்கே வைப்பான்? நாற்பது வருடம் கழித்து லாரி கிடைக்கிறது, முஷ்டி கிடைப்பதில்லை. இது இந்த ஒரு பொம்மையின் கதை மட்டும் இல்லை. பாப்பி நிறுவனம் மாசிங்கர் இசட் என்ற கார்ட்டூன் ரோபோவை 1973-ல் சுமார் 60 செ.மீ. உயர ஜம்போ மஷிண்டர் பொம்மையாகவும், 1974-ல் உள்ளங்கை அளவு சோகோகின் உலோகப் பொம்மையாகவும் கொண்டுவந்தது. இந்த வகைப் பொம்மைகளில் குழந்தைகளை இழுத்தது, ஸ்பிரிங் தட்டினால் பறக்கும் ஆயுதங்கள். எது பறந்ததோ அதுதான் முதலில் தொலைந்தது. அதனால்தான் இன்று ஒரு வெறும் உடம்பின் விலையில் பாதிக்கு மேல் அதன் கைக்கும் ஏவுகணைக்கும் கொடுக்க வேண்டிவருகிறது.

ஏமாற்றுக்காரருக்கு வசதியும் அதில்தான். துத்தநாகக் கலவையில் அச்சு வார்த்த முழு உடம்பைப் போலியாகச் செய்ய ஆலை வேண்டும், முதல் வேண்டும். உடம்பில் டகாரா முத்திரை வேறு இருக்கும், பார்த்துப் பேசலாம். முஷ்டியில் ஒரு எழுத்தும் கிடையாது. ஓர் அசல் முஷ்டி, கொஞ்சம் சிலிக்கோன், கொஞ்சம் ரெசின் இருந்தால் சமையல் மேசையிலேயே நூறு வார்த்துவிடலாம். போதாததற்கு 2000-க்குப் பிறகு டகாராவே இந்த லாரியைத் திரும்பத் திரும்ப வெளியிட்டது. அதைப் பார்த்து அச்சடித்த பெயரில்லாத போலிகள் தனி வெள்ளம். ஆக, பார்வைக்கு ஒரே மாதிரியான மூன்று தலைமுறைப் பாகங்கள் சந்தையில் கலந்து கிடக்கின்றன.

என்னிடம் இருந்த கான்வாய்க்கு இடது முஷ்டி அசலாகவே இருந்தது. வலதுதான் வேண்டும். விற்பவரிடம் கேட்டேன், "தனியாகத் தர முடியாது, செட்டாகத்தான்" என்றார். இரண்டு முஷ்டி, துப்பாக்கி, பெட்ரோல் குழாயும் அதன் மூக்கும், ஏவுகணைகள், ஒரு டிரைவர். எல்லாம் ஒரு நீலத் துணிமேல் பரப்பிய படம். துப்பாக்கியின் வாய்க்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு கீறல். அந்தக் கீறல்தான் எனக்கு நம்பிக்கை கொடுத்தது, பழசு என்றால் அப்படித்தானே இருக்கும்! "எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது, சின்ன வயதில் நான் விளையாடியது" என்று எழுதியிருந்தார்.

பார்சல் வந்த அழகைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு பாகமும் தனி ஜிப் பையில், மேலே குமிழ்த்தாள், உள்ளே கையால் எழுதிய நன்றிச் சீட்டு. இந்த ஊரில் ஏமாற்றுவதைக்கூட ஒழுங்காக மடித்துத்தான் அனுப்புகிறார்கள்.

துப்பாக்கியை எடுத்தேன். கீறல் இல்லை. தேய்த்துப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன், கீறல் வந்த தடமே இல்லை, கருப்பு பளபளவென்று இருந்தது. படத்தில் இருந்தது ஒன்று, பையில் வந்தது இன்னொன்று. டிரைவர் 2016-ல் மறுபடி தொடங்கிய டயாக்ளோன் வரிசையைச் சேர்ந்தவர். காலில் காந்தம் இருக்கிறது, அளவும் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் உடம்பில் செதுக்கல் நுணுக்கம் அதிகம், மூட்டும் அதிகம். பழையதை ஒருமுறை கையில் வைத்துப் பார்த்தவர்கள் ஏமாற மாட்டார்கள். பார்க்காதவர்களுக்குத் தெரிய வழியில்லை.

முஷ்டிக்கு வருகிறேன். என் பழைய இடது முஷ்டியையும் வந்த இடது முஷ்டியையும் மேசைவிளக்கின் கீழ் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பழையதில் இரண்டு அச்சுப் பாதிகள் சேர்ந்த இடத்தில் முடி மாதிரி ஒரு கோடு ஓடுகிறது. வார்ப்பில் ஒட்டிவந்த பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து முறித்தெடுத்த இடத்தில் சின்ன வெட்டுத் தழும்பு. புதியதில் அந்தக் கோடு மழுங்கிப் போயிருக்கிறது, தழும்பும் நகலெடுத்த தழும்பு, விளிம்பு கூர்மை இல்லாமல் உருகினாற்போல. கையில் செருகும் முளையின் அடியில் ஊசிமுனை அளவுக்குக் காற்றுக்குழிகள். காலிப்பரில் அளந்தால் முளை பழையதைவிட ஒரு நூலிழை மெலிது. ரெசின் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும், அதனால் நகல் எப்போதும் அசலைவிடச் சிறிதாகத்தான் வரும். லாரியின் கையில் மாட்டிக் கவிழ்த்தேன், பொத்தென்று விழுந்தது. பழையதை மாட்டிக் கவிழ்த்தேன், அசையவில்லை.

இதெல்லாம்கூட "தேய்ந்துபோனது" என்று மழுப்பக்கூடியதுதான். மழுப்ப முடியாத ஒன்று அப்புறம் கிடைத்தது. வலது முஷ்டியின் ஆள்காட்டி விரல் கணுவில் அரிசி நுனி அளவு ஒரு பொளிவு. அதே ஆள் முன்பு விற்று முடித்த செட்களின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லா வலது முஷ்டியிலும் அதே விரல், அதே கணு, அதே பொளிவு. வெவ்வேறு வீட்டில் வெவ்வேறு பையன் போட்டு உடைத்த பொம்மைக்கு ஒரே இடத்தில் அடி படுமா? அச்சு எடுத்த தாய்ப் பாகத்தில் இருந்த காயம் அது, எல்லாக் குட்டிகளுக்கும் இறங்கியிருக்கிறது.

நிச்சயப்படுத்திக்கொள்ள நகானோ பிராட்வே போனேன். பழைய பொம்மைக் கடைகளுக்குப் பேர்போன அந்தக் கட்டடத்தில் உதிரிப் பாகங்களைச் சின்னப் பைகளில் போட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கவிட்டிருப்பார்கள். கடைக்காரர் பெரியவர் இரண்டு முஷ்டியையும் விரல் உயரத்திலிருந்து கண்ணாடிமேல் போட்டார். ஒன்று 'டிக்' என்றது, மற்றது 'தொத்' என்றது. "எதற்குக் கேட்கிறீர்கள், உங்களுக்கே தெரிந்திருக்குமே" என்று சிரித்தார்.

விற்றவரோடு நடந்த உரையாடல் தனிக் கூத்து. கேள்வி கேட்டதும் பரணில் கிடந்த பொம்மை காணாமல் போய், "எனக்கு இதில் அவ்வளவு ஞானம் இல்லை, தெரிந்தவரிடம் வாங்கியது" என்று மாறியது. சின்ன வயதில் விளையாடியதைத் தெரிந்தவரிடம் எப்படி வாங்கினார் என்று கேட்டேன், பதில் இல்லை. அடுத்து, விளம்பரத்தின் அடியில் எழுதியிருந்த "நோ க்ளெய்ம், நோ ரிட்டர்ன்" வாசகத்தைக் காட்டினார். அதற்கும் அசையவில்லை என்றதும், "அசலை நீங்கள் எடுத்துக்கொண்டு போலியை எனக்குத் திருப்பப் பார்க்கிறீர்கள்" என்றார். இந்தக் குற்றச்சாட்டுதான் இவர்களின் கடைசி அம்பு. நேர்மையான ஆள் இதைக் கேட்டதும் கூசிப்போய் விட்டுவிடுவான் என்று நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். இதற்கு நடுவில் தினமும் காலையில், "பொருள் வந்துவிட்டதே, பெற்றுக்கொண்டேன் பொத்தானை அழுத்துங்கள்" என்று பணிவான நினைவூட்டல் வேறு.

அந்தப் பொத்தானைத் தயவுசெய்து அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். இங்கே ஃப்ளீ மார்க்கெட் ஆப்களில் வாங்குபவர் அதை அழுத்தும் வரை பணம் ஆப்பிடம்தான் இருக்கும். அழுத்தினால் பணம் அவர் கைக்குப் போகும், அதற்குப் பிறகு ஆப் கைவிரித்துவிடலாம். அழுத்தாமலே நாள் கடத்தினாலும் தானாக முடிந்துவிடும் கெடு உண்டு, அதற்குள் புகார் பதிந்திருக்க வேண்டும். ஆப்பின் உதவிப் பிரிவு முதலில் "இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று அச்சடித்த பதிலைத்தான் அனுப்பியது. ரெசின், சுருக்கம், காற்றுக்குழி என்று நான் எழுதியது எதுவும் அவர்கள் காதில் ஏறவில்லை. அவர் போட்ட படத்தில் கீறல் உள்ள துப்பாக்கியையும் எனக்கு வந்த கீறலில்லாத துப்பாக்கியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே படமாக அனுப்பினேன். அதற்குத்தான் அசைந்தார்கள். போலியா அசலா என்று தீர்ப்புச் சொல்ல அவர்களுக்குத் தெரியாது, படத்தில் உள்ளது வரவில்லை என்பது அவர்களுக்கும் புரியும். புகார் எழுதும்போது அந்த வழியில் எழுதுங்கள்.

"நோ க்ளெய்ம்" என்று எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலர் பயந்துவிடுகிறார்கள். ஜப்பானிய சிவில் சட்டம் 572-வது பிரிவின்படி, குறை தெரிந்தும் சொல்லாமல் விற்றவரை அந்த வாசகம் காப்பாற்றாது. சில ஆப்களில் அப்படி எழுதுவதே விதிமீறல். 188 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கும் அழைத்தேன். பேசியவர் பொறுமையானவர், ஆனால் தனிநபர் தனிநபருக்கு விற்பதில் அவர்களால் ஆலோசனைக்கு மேல் பெரிதாக எதுவும் செய்ய முடியாது என்று முன்னாடியே சொல்லிவிட்டார். மாசக்கணக்கில் பழைய பொருளைத் தொழிலாக வாங்கி விற்பவர் என்றால் மாகாணப் பொதுப் பாதுகாப்பு ஆணையத்தின் பழம்பொருள் வணிக உரிமம் வாங்கியிருக்க வேண்டும். இத்தனை செட் விற்றவரிடம் அந்த எண்ணைக் கேட்டேன். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் திடீரென்று பணத்தைத் திருப்ப ஒப்புக்கொண்டார் என்பது என் ஊகம்.

சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் இடைத்தரகு நிறுவனம் வழியாக வாங்கும் நண்பர்கள் இதில் இன்னும் கஷ்டத்தில் இருக்கிறீர்கள். பொருள் ஜப்பானில் உள்ள அவர்கள் கிடங்குக்கு வந்ததுமே அவர்கள் பெற்றுக்கொண்டேன் என்று முடித்துவிடுகிறார்கள். பெட்டி வந்ததா, எண்ணிக்கை சரியா என்றுதான் பார்ப்பார்கள், முஷ்டியின் முளையை அளக்க மாட்டார்கள். நீங்கள் பிரித்துப் பார்க்கும்போது இங்கே எல்லாம் முடிந்து வாரக்கணக்காகியிருக்கும். ஆகவே வாங்கும் முன்பே கேளுங்கள்: முஷ்டியின் பின்பக்கமும் முளையும் தெரியும் படம், துப்பாக்கியின் இரு பக்கமும், அன்றைய தேதி எழுதிய தாளோடு. அசல் வைத்திருப்பவர் சலித்துக்கொண்டாவது எடுத்து அனுப்புவார். இந்த ஆளிடம் அப்புறம் வேறு பெயரில் கேட்டுப் பார்த்தேன், உடனே என்னை பிளாக் செய்துவிட்டார்.

நகலே கூடாது என்று நான் சொல்லவில்லை. நகல் என்று சொல்லி 500 யென்னுக்கு ஏவுகணை விற்பவர்கள் இருக்கிறார்கள், என் அலமாரியில் நிற்கும் இரண்டு ரோபோக்கள் அவற்றைத்தான் ஏந்தியிருக்கின்றன. அதையே 1983 என்று சொல்லிப் பல மடங்கு வாங்குவதைத்தான் சொல்கிறேன்.

இப்போதைக்கு அடையாளம் இதுதான்: நீலத் துணி, கீறல் உள்ள துப்பாக்கி, வலது ஆள்காட்டி விரல் கணுவில் பொளிவு, "சின்ன வயதில் விளையாடியது" என்ற வாசகம். போன வாரம் பார்த்தபோது விலையை 16,500 ஆக்கியிருந்தார். என் கான்வாய் இன்னும் ஒற்றைக் கையோடுதான் நிற்கிறது. யாரிடமாவது அசல் வலது முஷ்டி தனியாக இருந்தால் சொல்லுங்கள், நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறேன். முளைப் பக்கம் தெரிகிற படத்தோடு.