மயிலாப்பூரில் மூன்று பெட்ரூம் வீடு

அப்பா, அம்மா, நாங்கள் இருவர், பிள்ளைகள், கூடவே அக்கா. இத்தனை பேருக்கு ஓட்டலில் ரூம் எடுத்தால் ஒன்று ஒரு மாடியிலும் இன்னொன்று வேறு மாடியிலும் கிடைக்கும். அப்பாவுக்கு ராத்திரி மாத்திரை கொடுக்க லிஃப்ட் ஏறிப் போய்வர வேண்டும். அதனால் இந்த மார்கழிக்கு டொராண்டோவிலிருந்தே பேசி, மயிலாப்பூரில் வடக்கு மாட வீதியை ஒட்டிய சந்தில் ஒரு ஃபிளாட்டை மாத வாடகைக்கு எடுத்தோம்.

வீடு பெரியது, அதில் பொய்யில்லை. மொசைக் தரை, ஊஞ்சல் கொக்கியோடு ஹால், துணி காயப்போடத் தாராளமான பால்கனி, சமையலறையில் டபரா செட்டும் பித்தளை ஃபில்டரும். ஆனால் மூன்றாவது ரூம் பூட்டிக் கிடந்தது. "ஓனரோட சாமான் இருக்கு சார், ரெண்டு ரூம் போதுமே" என்றார் புரோக்கர். வாடகை மட்டும் மூன்று ரூமுக்கு! ஓனரிடமே நேராகப் பேசிய பிறகுதான் சாவி வந்தது. உள்ளே கட்டில் நிறைய கொலு பொம்மைப் பெட்டிகள். 'தசாவதாரம்', 'செட்டியார்', 'கல்யாண செட்' என்று ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரில் எழுதியிருந்தது. வாட்ச்மேன் உதவியோடு பரணில் ஏற்றிவிட்டுப் பிள்ளைகளை அங்கே படுக்கவைத்தோம். நீங்கள் எடுப்பதாக இருந்தால், போட்டோவை நம்பாமல் வீடியோ காலில் எல்லாக் கதவையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். அசைவம் சமைக்கலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். இந்தப் பக்கம் நிறைய ஓனர்கள் கூடாது என்பார்கள்.

பாஸ்போர்ட் நகல் கேட்டால் பதற வேண்டாம். வெளிநாட்டு பாஸ்போர்ட்காரர் தங்கினால் வீடு கொடுத்தவர் 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு விவரம் தர வேண்டும். கேட்காத ஓனரைப் பார்த்துத்தான் நான் யோசிப்பேன்.

கார் வைத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பே வேண்டாம். லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்காகச் சாலையைத் தடுத்திருக்கிறார்கள், சாயங்காலமானால் மாட வீதியில் பூக்கடையும் கூட்டமும். கால் டாக்சிக்காரர் முனையிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவார், ஆட்டோதான் சரி. பங்குனியில் வருகிறவர்கள் கபாலீஸ்வரர் கோயில் திருவிழாவின் தேர், அறுபத்துமூவர் நாட்களில் பெட்டியோடு வந்து இறங்காதீர்கள், தெருவுக்குள் வண்டியே வராது.

ஆனால் இந்த நடக்கும் தூரத்துக்காகத்தான் இங்கே வீடு. கிழக்கு மாட வீதியில் இருக்கும் பாரதிய வித்யா பவன் கச்சேரிக்கு அப்பா யாரையும் எதிர்பார்க்காமல் தானே போய்வந்தார். டொராண்டோ குளிரில் வாசலைத் தாண்டாத மனுஷர்! விடிகாலையில் மாட வீதியைச் சுற்றிவரும் பஜனை, ஒரு காலத்தில் பாபநாசம் சிவன் நடத்தியது, இன்னும் நடக்கிறது. நேர வித்தியாசத்தில் பிள்ளைகள் எப்படியும் கொட்டக்கொட்ட விழித்திருந்தார்கள், அவர்களையும் அழைத்துப் போனோம். டிபன் பாதி நாள் கற்பகாம்பாள் மெஸ்ஸில்.

தண்ணீர், வேலைக்கு வந்த அக்கா, அயர்ன் வண்டி, எதிலும் குறையில்லை. இன்வெர்ட்டர் மட்டும் ஃபேனுக்கும் லைட்டுக்கும்தான், லிஃப்டுக்குக் கிடையாது. முழங்கால் வலிக்காரர்கள் முதல் மாடிக்கு மேல் எடுக்க வேண்டாம்.

கரண்ட் கணக்குதான் கடைசியில் இழுத்தது. தமிழ்நாட்டில் வீட்டு மீட்டரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுப்பார்கள். முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் ஏற ஏற விலையும் ஏறும். நம் புரோக்கரோ முதல் யூனிட்டிலிருந்தே ஒரே விலை போட்டு அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார். வந்த அன்றே மீட்டரை போட்டோ எடுத்து வைத்திருந்ததால் யூனிட் எண்ணிக்கையில் தகராறு இல்லை, விலையில்தான். பாதி திரும்பி வந்தது. மீதிக்குக் கணக்கு எழுதி அனுப்பச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் வந்தது, "அடுத்த வருஷம் வாங்க சார், பார்த்துக்கலாம்" என்று.