இரண்டு கலர் கிச்சன் ஆசையில் 27,400 ரூபாய் போச்சு – ஆப் மூலம் பெயின்டர் கூப்பிடுபவர்கள் படியுங்கள்

கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருக்கும். 27,400 ரூபாய். ஒரு சமையலறை, அதோடு ஒட்டிய சாப்பாட்டு இடம், அவ்வளவுதான் வேலை. போனில் புக் பண்ணினால் வீட்டுக்கே வந்து அளந்து பெயின்ட் அடித்துத் தருகிற ஆப்களில் ஒன்று. பேரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று தம்பி பயமுறுத்துகிறான், அதனால் போடவில்லை.

நங்கநல்லூரில் பழைய ஃப்ளாட் எங்களுடையது. கிச்சனுக்கும் டைனிங்குக்கும் நடுவில் சுவர் கிடையாது. அடுப்புப் பக்கம் சந்தன வெளிர், மேசை போட்டிருக்கும் பக்கம் ஒரே ஒரு சுவர் மட்டும் மாந்தளிர் நிறம் என்று யோசித்து வைத்திருந்தோம். அளக்க வந்த பையன் பேசிய பேச்சைக் கேட்டிருந்தால் நீங்களும் பணம் கட்டியிருப்பீர்கள். சுவரில் ஈரம் பார்க்கிற கருவியை வைத்துப் பார்த்தான். அம்மா கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே, "ரெண்டு கலரும் சுவரோட நடுவுல முட்டக் கூடாது மேடம், உள்மூலையில போய்த்தான் முடியணும், அப்பதான் கோடு நேரா தெரியும்" என்றான். சீலிங் இரண்டு பக்கமும் ஒரே வெள்ளையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இடம் துண்டாகத் தெரியும் என்றான். அடுப்புப் பக்கம் துடைத்தால் தாங்குகிற, லேசாகப் பளபளக்கும் எமல்ஷன், அதற்கு முன்னால் எண்ணெய்ப் பிசுக்கை சோப்புத் தண்ணீரால் கழுவி உப்புத்தாள் போட்டு பிரைமர். ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. எல்லாம் தெரிந்தவன், அதுதான் வயிற்றெரிச்சல். அங்கேயே முழுப் பணமும் கட்டினால் பொங்கலுக்குள் முடித்துத் தருவதாகச் சொன்னான், கட்டினேன்.

வேலைக்கு வந்த ஆட்கள் வேறு. அவர்களிடம் அவன் சொன்னது எதுவும் போய்ச் சேரவில்லை. பக்கெட்டுகள் ஏற்கெனவே திறந்தவை. கடையில் மெஷினில் கலர் கலக்கினால் ஷேட் நம்பர் போட்ட ஸ்டிக்கர் ஒட்டித் தருவார்கள் இல்லையா, அது எதிலுமே இல்லை. கேட்டதற்கு "கம்பெனி மொத்தமா அனுப்புதுக்கா" என்றார் ஒருவர். சிம்னிக்குப் பக்கத்துச் சுவரை யாரும் கழுவவே இல்லை, பிசுக்கின் மேலேயே அடித்தார்கள். முதல் கோட் காய்வதற்குள் இரண்டாவது. இரண்டு நிறமும் சேரும் இடம் உள்மூலையில் இல்லை, ஃப்ரிட்ஜுக்கு மேலே சுவரின் நடுவில், மாஸ்கிங் டேப்புக்கு அடியில் மாந்தளிர் கசிந்து சந்தன நிறத்துக்குள் பல்லு பல்லாக ஏறி நிற்கிறது. அதை மறைக்க டச்சப் என்று ஏதோ ஒரு டப்பாவிலிருந்து பூசினார்கள். இப்போது மூன்று கலர்.

கிளம்பும்போது அம்மாவிடம், "அட்டென்டன்ஸ் போடணும்மா, போனுக்கு ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க" என்று வாங்கிக்கொண்டு போனார்கள். அது அட்டென்டன்ஸ் இல்லை. வேலை திருப்தியாக முடிந்தது என்று ஒப்புக்கொள்ளும் ஓடிபி. நான் ஆபீஸிலிருந்து வந்து ஆப்பைத் திறந்தால் "வேலை நிறைவடைந்தது" என்று பச்சை டிக்.

அதற்கப்புறம் நடந்த கூத்து. ஆப்பின் கஸ்டமர் கேருக்குப் பேசினால் முதலில் "காய்ந்தால் செட் ஆகிடும் மேடம்." ரசம் தெறித்த இடத்தை ஈரத்துணியால் துடைத்தேன், துணியில் சந்தனக் கலர், சுவரில் பழைய பச்சை. போட்டோ அனுப்பினேன். "மழைக்கால ஈரம்" என்றார்கள். ஈரமே இல்லை என்று உங்கள் ஆள்தானே கருவி வைத்துச் சொன்னார் என்றேன், லைன் கட். அடுத்தவர் "நீங்க எடுத்தது பேசிக் பேக்கேஜ், வாஷபிள் வராது" என்றார். 27,400 ரூபாய்க்கு பேசிக்காம்! அளக்க வந்த பையன் போனை எடுப்பதே இல்லை. கடைசியில், வாடிக்கையாளரே ஓடிபி கொடுத்து உறுதி செய்ததால் புகார் மூடப்பட்டது என்று ஒரு மெயில். கூடவே ஐந்து ஸ்டார் கேட்டு ஒரு மெசேஜ், வெட்கமில்லாமல்.

தெருமுனை பெயின்ட் கடைக்காரர் வந்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார், தோல் மாதிரி உரிந்து வந்தது. பிசுக்கின் மேல் அடித்ததெல்லாம் நிற்காது, சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்துதான் அடிக்கணும் என்கிறார். அந்த 27,400 போக இது தனிச் செலவு.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் வருகிறது. முழுப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள். எந்தப் பெயின்ட், எத்தனை கோட், இரண்டு கலரும் எங்கே சேரும் என்பதை வாட்ஸாப்பிலாவது எழுதி வாங்குங்கள். பக்கெட் மூடியை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். வீட்டில் பெரியவர்களிடம் ஓடிபி விஷயத்தைச் சொல்லிவையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதில் புகார் கொடுத்திருக்கிறேன். அதிலும் ஆகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். பில், சாட், போட்டோ எதையும் அழிக்காதீர்கள்.