பிளேசிங் சாடில்ஸ் (1974): தன் தலைக்கே துப்பாக்கி வைத்த ஷெரிஃப்

அமெரிக்க இயக்குநர் மெல் புரூக்ஸ் கௌபாய் படங்களைக் கேலி செய்து எடுத்த இந்தப் படத்தை வெறும் கோமாளிக்கூத்து என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு, ‘இப்போ இப்படி எடுக்க விடுவாங்களா?’ என்று சிலாகிக்கிறவர்களும் உண்டு. காட்சிகளை உற்றுப் பார்க்கிறவர்கள்தான் குறைவு.

கதை நடப்பது 1874இல். ரயில் பாதைக்காக ராக் ரிட்ஜ் ஊரைக் காலிசெய்ய நினைக்கும் ஓர் அரசியல்வாதி, சனங்கள் தாமாகவே ஓடிவிடட்டும் என்று ஒரு கறுப்பினத்தவரை ஷெரிஃபாக (ஊர்க் காவல் அதிகாரியாக) அனுப்புகிறான்.

படம் தொடங்கியதுமே கங்காணிகள் கறுப்பினத் தொழிலாளர்களிடம் ‘உங்க பாட்டு ஒண்ணு பாடுங்க’ என்று அதட்டுகிறார்கள். அவர்களோ பிராட்வே இசையமைப்பாளர் கோல் போர்ட்டரின் 1934ஆம் ஆண்டுப் பாட்டை நாசூக்காகப் பாடுகிறார்கள். கங்காணிகளுக்குப் பொறுக்கவில்லை. ‘கறுப்பர் பாட்டு’ எப்படி இருக்கும் என்று தாங்களே குதித்து ஆடிக் காட்டுகிறார்கள். தொழிலாளர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். அடுத்துப் புதைமணல். இரண்டு தொழிலாளர்கள் கைவண்டியோடு அமிழ்கிறார்கள். கயிறு வீசி மீட்கப்படுவது 400 டாலர் கைவண்டி மட்டும். இதற்குச் சிரித்தால் உடனே தொண்டையில் சிக்கும். சிக்கவேண்டும் என்றுதான் வைத்திருக்கிறார்கள்.

படத்தின் உச்சம் ஷெரிஃப் பார்ட் ஊருக்குள் நுழையும் இடம். ஊரே துப்பாக்கியை நீட்ட, அவன் தன் துப்பாக்கியைத் தன் தலையிலேயே வைத்து, ‘யாராவது அசைந்தால் இவன் காலி’ என்று முரட்டுக் குரலில் மிரட்டுகிறான். மறுகணம் நடுங்கும் குரலில் உதவி கேட்டுக் கெஞ்சுகிறான். ஊர் நம்பி, துப்பாக்கிகளைத் தாழ்த்துகிறது! ‘அபாயமான கறுப்பன்’, ‘பாவப்பட்ட கறுப்பன்’ என்ற இரண்டு பொம்மைகள்தான் அந்த ஊரின் மண்டையில் உண்டு. இரண்டையும் ஆட்டிக்காட்டியே பார்ட் தப்பிக்கிறான். பார்ட்டாக நடித்த கிளீவன் லிட்டில் அந்த நொடியில் முகத்தை மாற்றும் வேகத்துக்காகவே திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். திரைக்கதை எழுதிய ஐவரில் கறுப்பின நகைச்சுவைக் கலைஞர் ரிச்சர்ட் பிரையரும் ஒருவர். நாயகனாக அவரையே புரூக்ஸ் கேட்டிருந்தார், ஸ்டூடியோ ஒத்துக்கொள்ளவில்லை.

கடைசியில் நிலம் பங்கிடும்போது ஊர்ப் பெரியவர் கறுப்பர்களையும் சீனர்களையும் ஏற்றுக்கொள்கிறார், ஐரிஷ்காரர்கள் மட்டும் வேண்டாம் என்கிறார். ஒற்றை வசனத்தில் வெறுப்பின் படிவரிசை முழுதும் தெரிந்துவிடுகிறது.

சறுக்கல்களும் உண்டு. பூர்வகுடித் தலைவராக புரூக்ஸே வேடமிட்டு, ஐரோப்பிய யூதர்களின் யித்திஷ் மொழி பேசுகிறார். யூதக் கலைஞர் ஒருவர் விளிம்பில் நிற்கும் இன்னொரு இனத்தோடு கைகோக்கிறார் என்று வாசிக்க இடமுண்டுதான். ஆனால் அந்தத் தலைவராக நிற்பவர் நிஜப் பூர்வகுடி நடிகர் இல்லை. ஸ்டூடியோ நடனக் காட்சியில் ஓரினச் சேர்க்கையாளர்கள் மேல் விழும் கேலியோ அவர்கள் மேலேயே நின்றுவிடுகிறது. கேலி செய்கிறவன் பக்கம் அது திரும்பவே இல்லை.

படத்தின் நீளம் 93 நிமிடம். வெட்டாத பதிப்பையே பாருங்கள். வசவுகளை அமுக்கிய தொலைக்காட்சிப் பதிப்பில் ஊர்க்காரர்கள் வெறும் அசட்டு நல்லவர்களாகிவிடுகிறார்கள். வசவும் பாலியல் நகைச்சுவையும் நிறைய, சிறுவர்களோடு உட்கார முடியாது.