கோடிட்ட இடமா, வெற்றுத் தாளா: ஆங்கில இலக்கண, வாசிப்புப் பயிற்சி முறைகள் நேருக்கு நேர்

கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சியில் இருபதுக்குப் பதினெட்டு வாங்கும் மாணவர், அதே இலக்கணத்தை வைத்து நாலு வரி எழுதச் சொன்னால் மூன்று இடத்தில் சறுக்குகிறார். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பவர்களிடம் இது அன்றாடம் பார்ப்பது. கவனக்குறைவு என்று சொல்லிவிடலாம். ஆனால் கோளாறு பெரும்பாலும் பயிற்சியின் வகையில் இருக்கிறது. ஒரு பயிற்சி எதைக் கேட்கிறதோ, அது மட்டும்தான் வளரும். சரியான விடையை அடையாளம் காணச் சொன்னால் அடையாளம் காணத்தான் பழகும்; ஒன்றுமில்லாத தாளில் வாக்கியத்தைக் கட்டச் சொன்னால்தான் கட்டப் பழகும். கீழே வரும் முறைகளை எல்லாம் இந்த ஓர் அளவுகோலில்தான் நிறுத்திப் பார்த்திருக்கிறோம்.

பயிற்சிப் புத்தகமா, பத்தியை மீட்டெழுதுவதா

பயிற்சிப் புத்தகத்தின் பலம், விதியைத் தெளிவாகச் சொல்லிவிடுவது. பலவீனமும் அதே பக்கத்தில் இருக்கிறது. தலைப்பிலேயே ‘பிரசன்ட் பெர்ஃபெக்ட்’ என்று போட்டிருந்தால், கீழே உள்ள இருபது வாக்கியங்களுக்கும் ‘ஹேவ்’ அல்லது ‘ஹாஸ்’ போட்டால் போதும் என்று கைக்குத் தெரிந்துவிடுகிறது. எந்த டென்ஸைப் போடுவது என்று முடிவெடுப்பதுதான் உண்மையான சிக்கல். அந்த முடிவைத் தலைப்பே எடுத்துக்கொடுத்துவிடுகிறது.

மீட்டெழுதும் முறை இதற்கு நேரெதிர். 60 முதல் 80 சொற்கள் கொண்ட, எல்லாச் சொல்லும் தெரிந்த ஒரு பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண வேகத்தில் இரண்டு தடவை வாசியுங்கள். பத்துச் சொற்களை மட்டும் குறித்துக்கொள்ளலாம்; வினைச்சொல்லாக இருந்தால் அதன் மூல வடிவம் மட்டும். பத்தியை மூடிவிட்டு, குறிப்பை வைத்து முழுதாக எழுதுங்கள். பிறகு மூலத்தைத் திறந்து சொல் சொல்லாக ஒப்பிட்டு, வேறுபடும் ஒவ்வொரு இடத்தையும் சிவப்பில் வட்டமிடுங்கள். இருபது நிமிட வேலை.

நடப்பதைப் பாருங்கள். மூலம் இது: “எ மேன் கேம் டு த ஷாப் யெஸ்டர்டே. ஹி பாட் எ பேக் அண்ட் த்ரீ புக்ஸ். த பேக் வாஸ் டூ ஸ்மால், ஸோ ஹி ரிடர்ன்ட் இட் திஸ் மார்னிங்.” தமிழ் மாணவர் மீட்டெழுதும்போது இப்படி வரும்: “யெஸ்டர்டே ஒன் மேன் கேம் டு ஷாப். ஹி பாட் பேக் அண்ட் த்ரீ புக். பேக் வாஸ் வெரி ஸ்மால், ஸோ ஹி ரிடர்ன்ட் டுடே மார்னிங்.”

எட்டுப் பிழை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தமிழ் வாக்கியம் நிற்கிறது. ‘ஒரு ஆள்’ என்பது ‘ஒன் மேன்’ ஆனது. ‘மூன்று புத்தகம்’ என்று நாம் பன்மை விகுதி இல்லாமலே சொல்வதால் ‘புக்’கில் ‘ஸ்’ போனது. ‘திருப்பிக் கொடுத்துவிட்டார்’ என்றால் எதை என்று தமிழில் சொல்ல வேண்டாம். அதனால் ‘இட்’ விழுந்தது. ‘வெரி’யும் ‘டூ’வும் நமக்கு ‘ரொம்ப’ என்ற ஒரே சொல். ‘இன்று காலை’ அப்படியே ‘டுடே மார்னிங்’ ஆனது. மிச்சம் மூன்றும் ‘எ’, ‘த’ விடுபட்டவை. இதே மாணவர் கோடிட்ட இடத்தில் ‘எ’யா, ‘த’வா என்று கேட்டால் சரியாகப் போட்டுவிடுவார், ஏனென்றால் அங்கே ஏதோ ஒன்று தேவை என்பதைக் கோடே சொல்லிவிடுகிறது.

‘எ’, ‘த’ விஷயத்தில் தமிழே ஓரளவு கைகொடுக்கும். பயிற்சிப் புத்தகங்கள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. ‘புத்தகம் வாங்கினேன்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம். ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்றால் நமக்குள் ஏற்கெனவே தெரிந்த புத்தகம். அஃறிணைச் செயப்படுபொருளில் இந்த ‘ஐ’ வரும் இடங்களில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் ‘த’ வரும். வராத இடத்தில் ‘எ’ அல்லது வெறும் பன்மை. எழுவாய்க்கும் ஆட்களைக் குறிக்கும் சொல்லுக்கும் இந்தச் சூத்திரம் உதவாது. ஆனாலும் பாதித் தடுமாற்றம் இதிலேயே தீரும்.

மீட்டெழுதுவதில் ஒரு குறை உண்டு: வேறுபாடு கண்ணில் படும், காரணம் படாது. அங்கேதான் புத்தகம் வேண்டும். அதனால் எங்கள் சிபாரிசு, வாரத்தில் மூன்று நாள் மீட்டெழுதுதல், ஒரு நாள் புத்தகம். அந்த ஒரு நாளும் முதல் பாடத்திலிருந்து வரிசையாகப் போக வேண்டாம். சிவப்பு வட்டம் எந்தப் பாடத்தைக் காட்டுகிறதோ அதைத் திறங்கள். ஒற்றைப்படை எண் வாக்கியங்களை இன்றும், இரட்டைப்படை எண் வாக்கியங்களை அடுத்த வாரம் வேறு இரண்டு பாடங்களோடு கலந்தும் செய்யுங்கள். விடுபட்ட சொல்லை மட்டும் எழுதாமல் முழு வாக்கியத்தையும் எழுதுங்கள். கை வலிக்கத்தான் செய்யும்.

செயலியா, நோட்டா

செயலியின் நன்மை உடனடித் திருத்தம்; மறக்கப்போகும் நேரத்தில் அதே கேள்வியைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துவது இன்னொன்று. ‘கோ–வென்ட்–கான்’ போன்ற வினை வடிவங்கள், சொற்பொருள், எழுத்துக்கூட்டல் ஆகியவற்றுக்கு நோட்டை விடச் செயலியே மேல். வாக்கிய அமைப்புக்கு அப்படியில்லை. சிதறிக் கிடக்கும் சொற்கட்டைகளைத் தட்டி வரிசையாக்கும்போது ‘த’ என்ற கட்டை அங்கேயே கிடக்கிறது; மிச்சமிருக்கும் கட்டையை எங்கேயாவது செருகினால் மணி அடித்துவிடும். பச்சை நிறம் வந்ததற்கும் உங்களுக்குத் தெரிந்ததற்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை.

நோட்டில் பக்கத்துக்கு மூன்று நெடுவரிசை போடுங்கள். முதலில் தவறாக எழுதிய வாக்கியம், அடுத்து சரியானது, மூன்றாவதில் தவறைத் தள்ளிவிட்ட தமிழ் வாக்கியம். “ஹி ஹாஸ் கம் யெஸ்டர்டே” என்று எழுதியிருந்தால் மூன்றாவது நெடுவரிசையில் ‘நேற்று வந்திருக்கிறான்’ என்று எழுதுங்கள். தமிழ் இதை அனுமதிக்கும். ஆங்கிலத்தில் ‘யெஸ்டர்டே’ போன்ற முடிந்துபோன காலச் சொல் வந்தால் ‘ஹாஸ்’ வராது, ‘ஹி கேம் யெஸ்டர்டே’தான். “டிஸ்கஸ் அபவுட் த ப்ராப்ளம்” என்று வேண்டாத ‘அபவுட்’ போட்டிருந்தால் மூன்றாவது நெடுவரிசையில் ‘பற்றி’. நோட்டில் பயன்படுவது இந்த மூன்றாவது நெடுவரிசைதான். இரண்டாவது நெடுவரிசையை மறைத்துக்கொண்டு மறுநாளும், ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் எழுதிப் பாருங்கள்.

ஏஐ கருவிகளிடம் திருத்தக் கொடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. எழுதியதைப் போட்டால் பளபளவென்று வேறொரு பத்தி வந்து விழும். படித்தால் திருப்தியாக இருக்கும், எது எங்கே மாறியது என்று தெரியாது. “திருத்தாதே, பிழை உள்ள வரியின் எண்ணை மட்டும் சொல், ‘எ’, ‘த’ பிழைகளை மட்டும் பார்” என்று கட்டளை கொடுத்தால் அதே கருவி நல்ல ஆசிரியராகிவிடும். நல்ல ஆசிரியர் கட்டுரை முழுவதையும் சிவப்பாக்குவதில்லை, ஒரு வகைப் பிழையை மட்டும் துரத்துவார்.

நிறைய எளிதா, கொஞ்சம் கடினமா

வாசிப்பில் இரண்டு கட்சி. கடினமான ஒரு பக்கத்தை எடுத்து, தெரியாத சொல்லுக்கெல்லாம் மேலே பொருள் எழுதி, வரி வரியாக உடைப்பது ஒன்று. எளிதான புத்தகத்தை அகராதியே இல்லாமல் மடமடவென்று முடிப்பது மற்றொன்று. வகுப்பறைகள் முதல் கட்சிக்கே பழகியவை. எங்கள் ஓட்டு பெரும்பாலும் இரண்டாவதற்கு.

காரணம் ஒரு கணக்கு. மார்செல்லா ஹூவும் பால் நேஷனும் 2000-ல் வெளியிட்ட ஆய்வின்படி, துணையில்லாமல் ஒரு கதையைப் புரிந்து வாசிக்க அதிலுள்ள சொற்களில் சுமார் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும். அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்று தெரியாமல் இருக்கலாம். 300 சொல் கொண்ட பக்கத்தில் ஆறு. 90 சதவீதம் என்று கேட்டால் நல்ல மதிப்பெண் போலத்தான் தெரியும். ஆனால் பத்துச் சொல்லுக்கு ஒன்று, ஏறத்தாழ வரிக்கு ஒன்று, பக்கத்துக்கு முப்பது. ஒவ்வொன்றுக்கும் அகராதியைத் திறந்து மூடுவதற்குள் வரியின் தொடக்கம் மறந்துவிடும். இப்படி வாசித்து முடித்தவருக்குச் சொற்பட்டியல் மிஞ்சும், வாசித்த அனுபவம் மிஞ்சாது.

அதனால் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்குங்கள். ஒரு கை விரல்கள் தீர்ந்து இரண்டாவது கைக்குப் போனால் புத்தகத்தை வைத்துவிடுங்கள். படிநிலை வாசிப்பு நூல்கள் இதற்கென்றே எழுதப்பட்டவை. உதாரணமாக, ஆக்ஸ்ஃபோர்ட் புக்வார்ம்ஸ் வரிசையில் முதல் நிலை 400 தலைச்சொற்கள் (அகராதியில் தனியாக இடம்பெறும் அடிப்படைச் சொற்கள்), இரண்டாவது 700, மூன்றாவது 1,000, ஆறாவது 2,500. கௌரவம் பார்த்து மேல் நிலையில் தொடங்குவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. ஒரு நிலை கீழே தொடங்கினால் நஷ்டம் ஒன்றுமில்லை, வேகம் கூடும்.

வேகத்தையும் அளக்கலாம். சுமார் 500 சொல் கொண்ட எளிய பத்தி, பத்துக் கேள்வி, ஒரு கடிகாரம். நான்கு நிமிடம் ஆனால் நிமிடத்துக்கு 125 சொல். பத்துக்கு ஏழு, எட்டு விடை சரியாக வந்தால் வேகம் பொருத்தம். பத்தும் சரியென்றால் தேவைக்கு மேல் மெதுவாக வாசிக்கிறீர்கள். அடுத்த தடவை விரட்டுங்கள். ஆறுக்குக் கீழே போனால் வேகத்தைக் குறையுங்கள், அல்லது எளிய பத்தியை எடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எண்: ஆங்கிலத்தில் பெரியவர்கள் மௌனமாகக் கட்டுரை வாசிக்கும் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொல் என்று 2019-ல் மார்க் பிரிஸ்பார்ட் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார்.

கடின வாசிப்புக்கும் ஓர் இடம் உண்டு. நீண்ட வாக்கியத்தைப் பிரிக்கும் வித்தை அதில்தான் வரும். “த டெசிஷன் ஆஃப் த கமிட்டி தட் மெட் ஆன் மண்டே சர்ப்ரைஸ்ட் எவ்ரிஒன்.” ‘திங்கட்கிழமை கூடிய குழுவின் முடிவு எல்லோரையும் வியக்கவைத்தது’ என்று தமிழில் சொன்னால் யாருக்கும் குழப்பம் வராது. ‘கூடிய’ என்பது பெயரெச்சம், வாக்கியம் இன்னும் முடியவில்லை என்று அதன் வடிவமே சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘மெட்’ என்பதற்கு அப்படித் தனி வடிவம் இல்லை. பெயரெச்ச வேலை செய்யும்போதும் வினைமுற்று போலவே நிற்கிறது. தமிழ் வாசகர் அங்கேயே வாக்கியத்தை முடித்துவிட்டு, அடுத்து வரும் ‘சர்ப்ரைஸ்ட்’ எங்கே ஒட்டும் என்று தேடுகிறார். மருந்து எளிது: ‘தட்’, ‘விச்’, ‘ஹூ’ வந்த இடத்தில் பென்சிலால் அடைப்புக்குறியைத் திறந்து, அடுத்து வரும் வினைச்சொல்லைத் தாண்டி, அதற்குப் பிறகு வரும் இன்னொரு வினைச்சொல்லுக்கு முன்னால் மூடுங்கள். அடைப்புக்கு வெளியே மிஞ்சும் வினைதான் முற்று. வாரம் ஒரு நாள், பத்து நீண்ட வாக்கியம் போதும்.

கேள்வி–பதிலா, சொந்தச் சுருக்கமா

‘கொம்மிலன் சாலட்டியைத் திமுசினான்.’ சாலட்டியைத் திமுசியது யார்? கொம்மிலன். விடை சரி, ஒரு சொல்லும் புரியவில்லை. வாசிப்புப் பாடங்களின் கீழ் வரும் கேள்விகளில் கணிசமானவை இப்படிச் சொல்லைப் பொருத்தியே விடை எழுதக்கூடியவை.

பத்தியை மூடிவிட்டு ஐந்து வரியில் சொந்தமாகச் சுருக்கி எழுதுவது அப்படி ஏமாற்றாது. நினைவிலிருந்து எடுப்பதற்கே தனிப் பலன் உண்டு. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006-ல் செய்த சோதனையில், பாடத்தைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். ஆங்கிலத்தில் சுருக்கம் வராவிட்டால் முதலில் தமிழிலேயே எழுதுங்கள். புரிந்ததா என்பதும் எழுத வருகிறதா என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எந்த அகராதி

ஆங்கிலம்–ஆங்கில அகராதிதான் உயர்ந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். மாணவர்களுக்கான அத்தகைய அகராதிகளில் சில, லாங்மன் அகராதி போன்றவை, விளக்கங்களைச் சுமார் 2,000 சொற்களுக்குள் எழுதுகின்றன. அந்த 2,000 உங்களுக்குத் தெரியும் முன் அதைத் திறந்தால் ஒரு சொல்லுக்கு மூன்று சொல் தேட வேண்டியிருக்கும். அதுவரை ஆங்கிலம்–தமிழ் அகராதியே நல்லது. அதைத் தாண்டிய பிறகு மாறுங்கள். எண்ணக்கூடிய பெயரா இல்லையா, பின்னால் எந்த ப்ரெபொசிஷன் வரும் என்பதெல்லாம் அங்கேதான் கிடைக்கும். ‘இன்ஃபர்மேஷன்’ என்பதற்கு ‘தகவல்’ என்று மட்டும் தெரிந்தவர் ‘இன்ஃபர்மேஷன்ஸ்’ என்று எழுதத்தான் செய்வார்.

மூன்று வாரத்தில் தேர்வு என்றால்

மேலே சொன்ன வரிசை அப்படியே தலைகீழாகும். கொள்குறி வினாத் தேர்வு அடையாளம் காணும் திறனைத்தான் கேட்கிறது. எனவே மூன்று வாரத்துக்குப் பழைய வினாத்தாள்களே சரியான பயிற்சி, மீட்டெழுதுதல் ஒதுங்கி நிற்கட்டும். கேள்விகளை முதலில் வாசித்துவிட்டுப் பத்திக்குப் போங்கள். பெயர், ஆண்டு, எண் கேட்கும் கேள்விகளுக்கு முழுதாக வாசிக்காமல் கண்ணால் தேடுங்கள். ‘ஆசிரியரின் கருத்து என்ன’ என்பது போன்றவற்றைக் கடைசிக்கு வையுங்கள். தேர்வில் கொடுக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து வைத்துக்கொண்டு பழகுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் பிறகு, தவறான விடை ஏன் உங்களைக் கவர்ந்தது என்று அதன் பக்கத்திலேயே ஒரு வரி எழுதுங்கள்.