ஆறு வருடம், ஓர் ஈய அச்சு, அந்த நாலாவது குழி

போன வாரம் காக்கி புக்கிட்டில் ஒரு லேத் பட்டறையில், தூண்டிலுக்கு ஈயக்குண்டு வார்க்கும் என் ஈய அச்சின் கீலைச் சரிசெய்து வாங்கினேன். 35 வெள்ளி. அன்று சாயங்காலமே வேலையிடத்தில் கூட இருக்கும் ஒரு தம்பி கேட்டார், "அண்ணே, நீங்க வச்சிருக்கிற அதே அச்சு இப்ப விலை குறைஞ்சிருக்கு, வாங்கிடவா?" கோப்பிக்கடையில் நின்றபடி பதில் சொல்லிப் பார்த்தேன். பாதியிலேயே கோபம் வந்துவிட்டது. உட்கார்ந்து நிதானமாக எழுதுவதுதான் அந்த அச்சுக்கும் நியாயம், அவருக்கும் நியாயம்.

தூண்டில் போடுகிறவர்களுக்கு இந்த அச்சை விளக்க வேண்டியதில்லை. அலுமினியம், மரக் கைப்பிடி, ஒரு பக்கம் கீல். ஐந்து குழிகள். கீல் பக்கத்திலிருந்து 1, 2, 3, 4, 6 அவுன்ஸ் என்று வரிசை. மணி வடிவ ஈயக்குண்டு, தலையில் கம்பி வளையம். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம்.

நான் ஏன் சொந்தமாக வார்க்கிறேன் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பெடோக் ஜெட்டியில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் இழுக்கும்போது 3 அவுன்ஸ் ஈயம் சருகு மாதிரி உருண்டு பக்கத்து ஆளின் தூண்டில் நரம்போடு போய்ச் சிக்கும். 4 அவுன்ஸ் போட்டால்தான் நிற்கும். நிற்கிற ஈயம் அடியில் மாட்டவும் செய்யும். 1966-இல் பழைய இரும்பு இறக்குவதற்காகக் கட்டிய துறை அது. இழுத்து வராத ஒவ்வொரு ஈயத்துக்கும் எனக்கு அந்தக் கதை நினைவுக்கு வரும். ஒரே ராத்திரியில் எட்டு ஈயம் அறுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். கடை விலையில் அதைக் கணக்குப் பார்த்தால் வீட்டில் அரிசி மூட்டையைப் பற்றிப் பேச்சு வரும்.

வார்ப்பது சிங்கப்பூரில் இல்லை. மலேசியாவில், ஜொகூரில் மாசாய் பக்கம் அக்கா வீட்டுப் பின்கட்டில். வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் ஈயம் காய்ச்சலாமா என்று அந்தத் தம்பி கேட்டார். கூடாது. ஈயம் 327 டிகிரியில் உருகும். அந்தச் சூட்டில் எழும் ஆவியை விட, மேலே படியும் சாம்பல் நிறக் கசடுதான் பெரிய ஆபத்து. அதை வழித்தெடுக்கும்போது தூள் பறக்கும், தரையில் படியும், குழந்தை அதிலேயே தவழ்ந்து கையை வாயில் வைக்கும். நான் அதற்கென்று தனிச் சட்டை வைத்திருக்கிறேன், அது அக்கா வீட்டை விட்டு வெளியே வராது. சின்ன ஈயத்தைப் பல்லால் கடித்து நரம்பில் இறுக்குகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, அதையும் விட்டுவிடுங்கள். இங்கிலாந்தில் 28.35 கிராம் வரையிலான தூண்டில் ஈயங்களை 1987-லேயே தடை செய்துவிட்டார்கள். அன்னப் பறவைகள் விழுங்கிச் செத்ததுதான் காரணம். 28.35 கிராம் என்றால் சரியாக 1 அவுன்ஸ். இந்த அச்சின் முதல் குழியை நான் தொடாததற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, அச்சுக்கு வருகிறேன்.

ஈயம் வார்ப்பதைப் பற்றி எழுத்தில் அதிகம் கிடைப்பது தூண்டில்காரர்களிடம் இல்லை. அமெரிக்காவில் .44, .45 மாதிரி பெரிய ரிவால்வர்களுக்குச் சொந்தமாகக் குண்டு வார்ப்பவர்கள்தான் அதை ஒரு கலையாகவே பேசுகிறார்கள். அந்த வேலைக்குச் சிங்கப்பூரில் இடமே கிடையாது, துப்பாக்கிச் சட்டம் அப்படி. ஆனால் எந்த உலோகத்தில் அச்சு வாங்குவது என்று அவர்கள் போடும் சண்டை அப்படியே நமக்கும் பொருந்தும். அச்சு செய்யும் நிறுவனங்களில் லைமன் இரும்பில் செய்கிறார்கள், லீ அலுமினியத்தில் செய்கிறார்கள், பித்தளைக்கும் தனிக் கூட்டம் உண்டு. இரும்பு மெதுவாகச் சூடேறும், ஏறிய சூட்டைப் பிடித்து வைக்கும், கவனித்தால் தலைமுறை தாண்டும், கவனிக்காவிட்டால் துரு. அலுமினியம் வார்ப்பிரும்பைப் போலப் பல மடங்கு வெப்பத்தைக் கடத்தும். சீக்கிரம் சூடாகும், நீங்கள் ஒரு வாய் தண்ணீர் குடித்து வருவதற்குள் ஆறியும் விடும். எடை குறைவு, துருப்பிடிக்காது, விலையும் குறைவு. ஆனால் மென்மையான உலோகம். அந்த மென்மைதான் என் ஆறு வருடக் கதை.

முதல் நாளே நாலாவது குழியில் பிசிறு வந்தது. இரண்டு பாதியும் சேரும் கோட்டில், தோசை ஓரம் மாதிரி மெல்லியதாக ஒரு தகடு, தாள் கனத்தில். கத்தியால் சீவினால் போய்விடும். முதலில் அப்படித்தான் சீவிக்கொண்டிருந்தேன். ஒரு வருடம் போனதும் தாள் அட்டை ஆனது. ஒரு வார்ப்பில் நாற்பது ஈயம் எடுத்தால் நாற்பதையும் சீவ வேண்டும். சீவிய துணுக்குகளைப் பொறுக்கி மறுபடி சட்டியில் போட வேண்டும், தரையில் விடக் கூடாது. வார்ப்பதற்கு ஒரு மணி நேரம், சீவுவதற்கு ஒன்றரை மணி நேரம். சீவாமல் விட்ட ஒன்று பின்னல் நரம்பில் உரசி, சாங்கி பக்கம் ஒரு நல்ல திருக்கையோடு நரம்பு அறுந்து போனது. அறுந்த நுனியைக் கைவிளக்கில் பார்த்தேன், பஞ்சு மாதிரி பிரிந்திருந்தது. அந்த நுனியை ரொம்ப நாள் டப்பாவிலேயே வைத்திருந்தேன்.

காரணம் கம்பி என்று நினைத்தேன். வளையத்துக்கு வைக்கிற கம்பி தடித்தால் அச்சு முழுதாக மூடாது, சந்து விழும், சந்தில் ஈயம் ஓடும். அதனால் மெல்லிய கம்பி மாற்றினேன். பித்தளை மாற்றி எவர்சில்வர் போட்டேன். கம்பி உட்காரும் பள்ளத்தை ஊசி அரத்தால் நானே ஆழமாக்கினேன். மெழுகுவத்திப் புகையைக் குழிக்குள் காட்டினேன். அது ஈயம் நன்றாக நிரம்பவும் ஒட்டாமல் விழவும் உதவியது, பிசிறுக்கு ஒன்றும் செய்யவில்லை. ஈயமே தப்போ என்று அதையும் மாற்றிப் பார்த்தேன். முக்குளிப்பவர்கள் இடுப்பில் கட்டும் பழைய ஈயக்கட்டி கிடைத்தது. பழைய சாமான் வாங்கும் காராங் குனிக்காரரிடம் ஈயத் தகடு கிடைத்தது. ஜொகூரில் ஒரு டயர் கடையில் சக்கரத்தைச் சமன் செய்ய மாட்டியிருந்து கழற்றிய ஈயத்தை ஒரு வாளி நிறையத் தந்தார்கள்.

அந்த வாளியைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போதெல்லாம் சக்கரத்தில் மாட்டுவதில் துத்தநாகமும் கலந்து வருகிறது. அது 420 டிகிரி சுமாருக்கு உருகும், ஈயத்தை விட லேசு, சூட்டை அடக்கி வைத்தால் மேலே மிதக்கும், வழித்துவிடலாம். நான் அடுப்பைக் கூட்டி வைத்துவிட்டு அத்தானோடு பேசிக்கொண்டிருந்தேன். சட்டி முழுக்கக் கஞ்சியாகிவிட்டது, ஒரு குழிகூட நிரம்பவில்லை. இப்போது ஒவ்வொன்றையும் வெட்டும் குறட்டில் கடித்துப் பார்க்கிறேன். ஈயத்தில் பல் பதியும். துத்தநாகம் வழுக்கும், சிமெண்டில் போட்டால் ணங் என்று கேட்கும்.

அத்தானுடைய அப்பா சம்பானில் மீன்பிடிக்கப் போனவர். அவர் வைத்திருந்த இரும்பு அச்சு ஒன்று பின்கட்டு அலமாரியில் கிடந்தது. இரண்டே குழி, பேரே இல்லாத பட்டறை வேலை, தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும். துருவைத் தேய்த்து, அடுப்போரம் இருபது நிமிடம் காய வைத்து வார்த்தேன். பிசிறு இல்லை. சேரும் கோட்டை விரலால் தடவித் தேட வேண்டியிருந்தது. எத்தனையோ வருடம் ஈரத்தில் கிடந்த அச்சு அப்படி வார்க்கிறது, நான் காசு கொடுத்துத் தபாலில் வரவழைத்தது இப்படி வார்க்கிறது. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை அக்கா இன்னும் சொல்லிக் காட்டுவாள்.

ஆனாலும் நல்லதையும் சொல்ல வேண்டும். இரும்பு அச்சில் நான் இரண்டு எடுக்கும் நேரத்தில் அலுமினியத்தில் மூன்று குழியும் நிரப்பி, திறந்து, மறுபடி மூடியிருப்பேன். நம் ஊர் ஈரத்தில் இரும்பை ஒவ்வொரு முறையும் எண்ணெய் தடவித் துணியில் சுற்ற வேண்டும், அடுத்த முறை அந்த எண்ணெயைத் துளி விடாமல் துடைத்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈயத்தில் ஓட்டை விழும். அலுமினியத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. அதிலும் ஒன்றில் மட்டும் கவனம்: ஈரம். வெளியே காய்ந்தமாதிரி தெரியும், கீலுக்குள் வியர்த்திருக்கும். தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து எழுநூறு மடங்கு விரியும். உருகிய ஈயத்துக்கு அடியில் ஒரு சொட்டு மாட்டினால் போதும், ஈயம் முகத்துக்கு வரும். நான் அடுப்பின் ஓரத்தில் அச்சை நன்றாகக் காயவைத்த பிறகுதான் அதன் மூலையை ஈயத்துக்குள் அரை நிமிடம் விட்டுச் சூடேற்றுவேன். வெளியே எடுக்கும்போது மூலையில் ஈயம் ஒட்டாமல் வந்தால் அச்சு தயார்.

அப்படித் தயாரான அச்சில் மூன்றாவது சுற்று வார்க்கும்போது ஒரு நேரம் வரும். கரண்டியைச் சாய்க்கிறேன், ஊற்றுவாயில் வெள்ளி மாதிரி பளபளக்கிறது. எண்ணிக்கொண்டே பார்க்கிறேன், ஐந்து, ஆறு, ஏழு. பளபளப்பு சட்டென்று மங்கி, மேற்பரப்பு நடுவில் கொஞ்சம் உள்வாங்குகிறது. திறந்தால் ஈயம் தானாக விழுந்து பழைய துண்டின் மேல் தொப் என்று உட்காருகிறது. இன்னும் கை வைக்க முடியாது. ஒரு 4 அவுன்ஸ் ஈயம் கிட்டத்தட்ட சரியாக 10 கன சென்டிமீட்டர், உள்ளங்கையில் அடங்குகிற கனம். அந்த ஒரு மணி நேரத்துக்காக நான் பாலம் தாண்டிப் போயிருக்கிறேன், உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடியில் இரண்டு மணி நேரம் நெரிசலில் நின்றிருக்கிறேன். இதை எந்த அச்சும் தரும் என்று சொல்லலாம். எனக்குத் தந்தது இது.

பட்டறைக்கு வருவோம். கீல் ஆணி ஆட ஆரம்பித்ததால்தான் அங்கே கொண்டு போனேன், பிசிறைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அந்தச் சீன அங்கிள் அச்சை மூடி விளக்குக்கு எதிரே பிடித்தார். கீல் பக்கம் வெளிச்சம் தெரியவில்லை. நாலாவது குழியிலிருந்து ஒரு கோடு தெரிந்தது. பாசார் மலாயில், அதாவது கடைத்தெரு மலாயில் கேட்டார், "சின்னக் குழிகளில் இப்படி வருவதில்லை, தானே?" இல்லை. இரண்டில் வந்ததே இல்லை. மூன்றில் லேசாக. ஒரு அவுன்ஸும் ஆறு அவுன்ஸும் நான் வார்ப்பதில்லை. கீலிலிருந்து தள்ளிப் போகப் போக விலகல் கூடுகிறது என்று அவர் ஒரு பார்வையில் சொல்லிவிட்டார். கம்பிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆணி இரும்பு, அது போகும் துளை வெறும் அலுமினியம். துளை வாய் முட்டை மாதிரி நீண்டிருந்தது. அவர் துளையைப் பெரிதாக்கி, இரண்டு பக்கமும் இரும்புக் குழல் அடித்து, புது ஆணி போட்டுக் கொடுத்தார்.

என் பங்கும் இருக்கிறது. ஈயம் விழாதபோது மரக்கட்டையால் கீல் பக்கம் தட்டியிருக்கிறேன், ஒரு முறை அல்ல. ஆனால் முதல் நாள் வந்த பிசிறு நான் தட்டி வந்ததல்ல. இரண்டு சின்ன இரும்புக் குழலுக்கு என்ன பெரிய செலவு? செய்கிறவர்களுக்கு அது தெரியாமல் இருக்காது. ஈயம் வார்க்கிற அச்சில் தேயப் போகும் முதல் இடம் கீல் என்பது, அதை ஒரு மாதம் கையில் வைத்திருந்தாலே தெரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மாசாய்க்குப் போய் வார்த்துப் பார்த்தேன். 4 அவுன்ஸ், முப்பத்தாறு. கத்தி எடுக்கவே இல்லை. அத்தான் ஒன்றை எடுத்து விளக்கில் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பாவோட அச்சு மாதிரியே வந்திருக்கு" என்றார். இன்றைய தேதிக்கு, எடை, வேகம், வார்ப்பு எல்லாம் சேர்த்துப் பார்த்தால், நான் பிடித்த அச்சுகளில் இதுதான் நல்ல அச்சு.

தம்பி, விலை எவ்வளவு குறைந்திருந்தாலும் இதை வாங்காதே. ஆறு வருடம் நான் சீவிய பிசிறை நீயும் சீவ வேண்டாம். ஜொகூரில் பழைய தூண்டில் கடைகளில் இரும்பு அச்சு கேட்டுப் பார். மூடி வெளிச்சத்தில் பிடி, கோடு தெரியாவிட்டால் எடு. கிடைக்கும் வரை என்னுடையதை இரவல் தருகிறேன், ஈயமும் தருகிறேன், கூட வந்து காட்டியும் தருகிறேன். விலைக்கு மட்டும் கேட்காதே, கொடுக்க மாட்டேன்.