சின்ன வீட்டுக்குப் பிளக் பொயின்ற்: மல்ரிபிளக்கா, கேசிங்கா, சுவரைக் கொத்துவதா?

யாழ்ப்பாணத்துக் கொக்குவில், திருநெல்வேலிப் பக்கத்தில் வாடகைக்கு விடும் அனெக்ஸ்களில் (வீட்டோடு ஒட்டிய சிறு பகுதிகளில்) நான் பார்த்தவரை, அறைக்கு ஒரு பிளக் பேஸ் (பிளக் செருகும் சுவர்ப் பொருத்தி), மிஞ்சினால் இரண்டு. அதுவும் கதவுக்குப் பின்னால், லைற் சுவிச்சோடு ஒட்டியபடி இருக்கும். ரிவி, டிஷ் பெட்டி, ரவுட்டர், இரண்டு லப்ரொப், மூன்று நான்கு போன், மேசை விசிறி எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றுதான் கதி. இதற்கு வீட்டுக்காரரின் சிக்கனத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றபின் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ரேடியோ கேட்ட தலைமுறைதான், மறுபடி கரண்ட் வந்தபோது இந்த வீடுகள் பலவற்றுக்கு வயரிங் செய்வித்தது. அறைக்கு அறை விளக்கு எரிந்தாலே பெரிய காரியம் என்று இருந்த காலம் அது.

இப்போது பொயின்ற்றைக் கூட்ட மூன்று வழி உண்டு. இருப்பதில் மல்ரிபிளக், அதாவது பல ஓட்டையுள்ள நீட்டு வயர், செருகலாம். சுவருக்கு மேலால் பீவீசீ கேசிங் (வயர் ஓடும், மூடியுள்ள பிளாஸ்ரிக் பட்டி) அடித்துப் புது பேஸ் பூட்டலாம். சுவரைக் கொத்தி வயரை உள்ளே புதைக்கலாம். சின்ன வீட்டுக்கு நான் கேசிங் பக்கம். ஏன் என்பதற்கு முன் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

சூடாக்கும் சாமான் வேறு, மற்றது வேறு

32 அங்குல எல்ஈடி ரிவி சுமார் 50 வாற் இழுக்கும். டிஷ் பெட்டியும் ரவுட்டரும் தலைக்குப் பத்துப் பதினைந்து, லப்ரொப் சார்ஜர் 65, மேசை விசிறி 50 சொச்சம், போன் சார்ஜர் ஒவ்வொன்றும் அதிகம் போனால் இருபது முப்பது. ஒரு சின்னக் குடும்பத்தின் மின்னணுச் சாமான் அத்தனையையும் ஒன்றாகப் போட்டாலும் 400 வாற்றைத் தாண்டுவது அரிது. 13 அம்பியர் பேஸ் ஒன்று 230 வோல்ற்றில் கொடுக்கக்கூடியது 2990 வாற். ஆகவே பாரத்தைப் பொறுத்தமட்டில் ஒரு பொயின்ற்றே தாராளம். நமக்குக் குறைவது ஓட்டைகளும், அவை இருக்க வேண்டிய இடமும்தான்.

மின் கேத்தில் அப்படியல்ல. அது ஒன்றே 1500 முதல் 2000 வாற்றுக்கு மேல் போகும். அயன் 1000, றைஸ் குக்கர் 700 அளவில். ரிவிக்கு வாங்கிய மல்ரிபிளக்கில் ஒருநாள் அவசரத்துக்குக் கேத்திலைச் செருகுகிறோமே, ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. ஒன்றோடு எதைச் சேர்த்துப் போடுகிறோம் என்பதுதான் எத்தனை செருகுகிறோம் என்பதைவிட முக்கியம்.

மல்ரிபிளக்

வாடகை வீட்டில் இருப்பவருக்கு இதைவிட்டால் பல நேரம் வழியில்லை. ஆணி அடிக்கவே விடாத வீட்டுக்காரரிடம் புதுப் பொயின்ற்றுக்கு அனுமதி கேட்பது எளிதல்ல. அதனால் மல்ரிபிளக்கே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். எது நல்லது, எது ஆகாதது என்று பார்த்து வாங்கத் தெரிய வேண்டும்.

கடையில் கையில் எடுத்ததும் வயரைப் பாருங்கள். தோலில் 3×0.75, 3×1.0, 3×1.5 என்று ஏதாவது அச்சிட்டிருக்கும்; முதல் எண் உள்ளே எத்தனை வயர் என்பது, இரண்டாவது ஒவ்வொன்றின் செம்பின் பருமன், சதுர மில்லிமீற்றரில். 0.75 போட்ட வயரின் நுனியில் 13 அம்பியர் பியூசோடு பிளக் இருந்தால், வயர் சூடேறி இளகத் தொடங்கிய பிறகும் பியூஸ் எரியாமலே இருக்கலாம். ரிவி, ரவுட்டர், சார்ஜர் மட்டும்தான் போடப்போகிறீர்கள் என்றால் பிளக்கைத் திறந்து 3 அம்பியர் பியூஸ் போட்டுவிடுங்கள். 690 வாற் வரை அது தாங்கும். யாராவது கேத்திலைச் செருகினால் வயருக்குப் பதிலாகப் பியூஸ் போகும்.

அடுத்தது ஓட்டைகள். எந்த நாட்டுப் பிளக்கும் நுழையும் என்று விற்கும் அகலவாய் மல்ரிபிளக்குகளில் உள்ளே இருக்கும் பித்தளைத் தகடு எந்தப் பின்னையும் ஒழுங்காகப் பிடிப்பதில்லை. பிடிப்புத் தளர்ந்த இடத்தில் பொறி பறக்கும், சூடேறும். பாவித்த ஒன்றைத் திருப்பிப் பாருங்கள்: ஏதோ ஓர் ஓட்டையைச் சுற்றி மட்டும் வெள்ளை பிளாஸ்ரிக் தேநீர்க் கறைபோலப் பழுத்திருக்கும். அதைத் துடைத்துவிட்டு வைத்திருக்கக் கூடாது. தூக்கி எறிய வேண்டியதுதான்.

நம் வீடுகளில் இன்னொரு பழக்கமும் உண்டு. இரண்டு உருண்டைப் பின் உள்ள சார்ஜரை 13 அம்பியர் பேஸுக்குள் செலுத்துவதற்காக, மேலே உள்ள எர்த் ஓட்டையில் பேனை மூடியைக் குத்துவது. அந்த எர்த் பின் நுழைந்தால்தான் மற்ற இரண்டு ஓட்டைகளின் கதவும் திறக்கும் என்று வடிவமைத்ததே குழந்தைகளின் விரலையும் கம்பியையும் தடுக்கத்தான். பேனை மூடியால் திறந்து உருண்டைப் பின்னைத் திணித்தால் அந்தக் காவலும் போயிற்று, தட்டையான பின்னுக்கென்று செய்த தகடும் விரிந்து போயிற்று. பிறகு சரியான பிளக்கைச் செருகினாலும் அது ஆடும். பியூஸ் உள்ள அடப்ரர் ஒன்று பெரிய செலவில்லை. 13 அம்பியர் சதுரப் பின்தான் இப்போது நாட்டின் ஒரே தரம் என்றாகிவிட்டதால், புதிதாகப் பூட்டும் எதையும் அந்த வகையிலேயே பூட்டுவது நல்லது. 5 அம்பியர், 15 அம்பியர் உருண்டைப் பேஸ்களை இருக்கும்வரை பாவிக்கலாம், புதிதாக வாங்கவேண்டாம்.

மல்ரிபிளக்குக்குள் இன்னொரு மல்ரிபிளக் கூடவே கூடாது. அதற்குமேல் அதில் பேச ஒன்றுமில்லை.

சுவரைக் கொத்துவது

பார்வைக்கு இதுதான் வடிவு. புதிதாகக் கட்டும் வீடு, பூச்சுக்கு முன் என்றால் யோசிக்காமல் இதையே செய்யுங்கள்; ஓர் அறைக்கு நாலு சுவரிலும் இரட்டைப் பேஸ் வைக்க அப்போது ஆகும் மேலதிகச் செலவு பிறகு ஆகப்போவதில் ஒரு சிறு பங்குதான்.

குடியிருக்கும் வீட்டில் கதை வேறு. பழைய கல்வீட்டுச் சுவர்கள் சுண்ணாம்புக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். எங்களுக்கு வேலை செய்யும் வயரிங்கார அண்ணை ஒருமுறை உளியை வைத்துத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, நான் ஓரங்குலம் வெட்ட இது ஓரடி கொட்டும். பிறகு மேசனையும் கூப்பிடோணும்." சீமெந்துக் கல் சுவர் அவ்வளவு மோசமில்லை, ஆனால் தூசி, பூச்சு, மறுபடி பெயின்ற் என்று இரண்டு பேரின் கூலி சேரும்.

குருநகர், பாசையூர், நாவாந்துறை போலக் கடலோரம் என்றால் உவரையும் யோசிக்க வேண்டும். அடியிலிருந்து ஈரம் ஏறிய சுவருக்குள் புதைத்த இரும்புப் பெட்டி துருப்பிடிக்கும், பேஸின் ஸ்குரூ இறுகிவிடும். அங்கே கொத்தத்தான் வேண்டுமென்றால் பிளாஸ்ரிக் பெட்டி கேளுங்கள். வயர் உள்ளே எந்த வழியால் போகிறது என்பதைப் பூசுவதற்கு முன் போனில் படம் எடுத்து வைத்தால், பின்னால் படம் மாட்ட ஆணி அடிப்பவருக்கு உயிர்ப் பாதுகாப்பு.

கேசிங்

சுவரின் மேலால் ஓடும் வெள்ளைப் பட்டி வடிவில்லை என்பதுதான் இதன் மேல் உள்ள ஒரே பெரிய குறை. கூரை மூலையோடும் கதவு நிலையோடும் கொண்டுபோய், சுவரின் நிறத்தையே பூசிவிட்டால் அதுவும் பாதி மறையும். ஒரே நாளில் வேலை முடியும், சுவர் பிழைக்கும், நாளைக்கு ரிவியை எதிர்ச் சுவருக்கு மாற்றினால் மூடியைக் கழற்றி நீட்டலாம். 550 சதுர அடி அளவிலான வீட்டுத்திட்ட வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. அங்கே கூடமே படிப்பறை, கூடமே படுக்கை. பிள்ளைகள் வளர வளரச் சாமான்கள் இடம் மாறும்.

கேசிங்கை ஒட்டும் பசைப் பட்டியை நம்பாதீர்கள். சுண்ணாம்பு அடித்த சுவரில் அது ஒரு வெயிலுக்குத் தாங்காது. ரோல் பிளக்கும் (சுவர்த் துளைக்குள் செருகும் பிளாஸ்ரிக் குழல்) ஸ்குரூவும்தான் சரி. பெட்டியின் பக்கத்தில் தட்டித் திறந்த ஓட்டைகளில் வயர் போகாதவற்றை அடைத்துவிடச் சொல்லுங்கள். எறும்பும் பல்லியும் உள்ளே குடிபுகுந்தால் பேஸ் பழுதாகும்.

முக்கியமாகப் பார்க்க வேண்டியது வயர் எங்கிருந்து வருகிறது என்பது. பக்கத்தில் இருக்கும் லைற் சுவிச்சிலிருந்து இழுத்துத் தந்தால் வேலை சுகம், கூலி குறைவு. ஆனால் லைற்றுக்கு ஓடுவது பெரும்பாலும் 1/1.13 என்ற ஒற்றைக் கம்பி வயர், அதற்கு 6 அம்பியர் பிறேக்கர் (பாரம் மிஞ்சினால் தானாக விழும் சுவிச்). அதில் அயனைப் போட்டுக் கூடவே கேத்திலும் போட்டால் பிறேக்கர் விழும். அடிக்கடி விழுகிறதே என்று யாராவது அதைப் பெரிதாக மாற்றினால், பிறகு விழவேண்டிய நேரத்திலும் விழாது. சுவரில் வயர்தான் எரியும். பிளக்குக்கு 7/0.67 வயர், அதாவது இரண்டரைச் சதுர மில்லிமீற்றர், மெயின் சுவிச்சிலிருந்து தனி வழியாக, அதற்கென்று 16 அல்லது 20 அம்பியர் பிறேக்கரோடு. இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

மூன்றுக்கும் பொதுவான ஒன்று

ட்ரிப் சுவிச்சும் (கரண்ட் கசிந்தால் தானாக விழும் சுவிச்) எர்த்தும் சரியில்லாத வீட்டில் மேலே சொன்ன எதுவும் பாதுகாப்பில்லை. குடாநாட்டில் பல இடங்களில் கொஞ்ச மண்ணுக்குக் கீழேயே சுண்ணாம்புப் பாறை. எர்த் கம்பி ஆழமாக இறங்காது. ஆனி, ஆடி வெயிலில் மேல் மண் காய்ந்தால் தடையும் கூடும். அந்தத் தடை 60 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறிஜ் உடம்பில் கரண்ட் பாய்ந்தால் எர்த் வழியாக ஓடுவது 4 அம்பியருக்கும் குறைவு. 6 அம்பியர் பிறேக்கர்கூட அசையாது. 30 மில்லி அம்பியரில் விழும் ட்ரிப் சுவிச்தான் அங்கே காப்பாற்றும். அதன் சோதனைப் பொத்தானை இடைக்கிடை அமத்திப் பாருங்கள். பொத்தான் சுவிச்சை மட்டும்தான் சோதிக்கும், எர்த்தை அல்ல. எர்த்தை மீற்றர் வைத்து அளக்க வேண்டும்.

எத்தனை பேஸ் பூட்டினாலும் வீட்டுக்கு வரும் மின் இணைப்பின் அளவு கூடிவிடாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 15 அம்பியர் இணைப்பென்றால் வீடு முழுவதற்கும் 3450 வாற். கேத்தில், அயன், தண்ணீர் மோட்டர் மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் அதைத் தாண்டலாம்.

எங்கே, எத்தனை?

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றுக்கு நானே திட்டம் போட்டால் இப்படிப் போடுவேன். ரிவிச் சுவரில் இரண்டு இரட்டைப் பேஸ், ரிவிக்குப் பின்னால் மறையும் உயரத்தில். படிப்பு மேசைக்கு மேசைப் பலகைக்கு மேலே ஓர் இரட்டை. கீழே வைத்தால் சார்ஜர் செருகக் குனிந்து குனிந்தே அலுத்து மறுபடி மல்ரிபிளக் வாங்குவோம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்று. அயனுக்கும் கேத்திலுக்கும் தனியாக ஒன்று, மின்னணுச் சாமான்களிலிருந்து தள்ளி. வெள்ளம் ஏறும் தாழ்ந்த காணியென்றால் எதுவும் முழங்காலுக்குக் கீழே வேண்டாம். 2008இல் நிஷா புயல் நேரமும் 2024 நவம்பரிலும் வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ரவுட்டர் பேஸ் மட்டும் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னல் நாட்களில் சுவிச்சை நிப்பாட்டினால் போதாது, பிளக்கையே கழற்ற வேண்டும். செம்புக் கம்பியில் வரும் தொலைபேசி இணைப்பென்றால் அந்தக் கம்பியையும், டிஷ் பெட்டியின் கேபிளையும் சேர்த்து. அலுமாரிக்குப் பின்னால் பேஸ் இருந்தால் மழை இரவில் யார் அலுமாரியை நகர்த்துவது?