பழைய ராக் ரெக்கார்டைக் கணினியில் ஏற்ற: யுஎஸ்பி டர்ன்டேபிளா, தனி இன்டர்ஃபேஸா?

லெட் செப்பலினின் இரண்டாவது ஆல்பம் 1969-இல் வந்தபோது, அமெரிக்காவில் அதன் முதல் வெட்டை, அதாவது தட்டுகளை அச்சிட மூலத்தட்டில் பள்ளம் செதுக்கும் வேலையை, செய்தவர் மாஸ்டரிங் பொறியாளர் ராபர்ட் லுட்விக். ஒலி அவ்வளவு உரக்க இருந்ததால் மலிவான பிளேயர்களில் ஊசி தாவியது, உடனே ஒலியை அடக்கி வேறொரு வெட்டு போட்டுவிட்டார்கள். லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில் அவர் பெயரின் முதலெழுத்துகளான 'ஆர்எல்' (RL) என்று கீறியிருந்தால் அது அந்தப் பழைய வெட்டு. பின்னால் எத்தனை மறுபதிப்பு வந்தாலும் அந்த ஒலி அந்தத் தட்டில்தான் இருக்கிறது, நாம் மெனக்கெட்டுப் பதிவு செய்வதே இதற்காகத்தான்.

சரி, எதில் பதிவு செய்வது?

யுஎஸ்பி டர்ன்டேபிள், அதாவது கணினியில் நேராகச் செருகும் ரெக்கார்டு பிளேயர், வசதியானது. ஒரே கேபிள், வேலை முடிந்தது. ஆனால் பல மாடல்கள் உள்ளே 16 பிட்டோடு நின்றுவிடும் (பிட் என்பது ஒலியின் ஏற்ற இறக்கத்தை எவ்வளவு நுணுக்கமாக அளக்கிறது என்பது, கிலோஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளக்கிறது என்பது). ஆடியோ டெக்னிகாவின் எல்பி120 எக்ஸ் யுஎஸ்பி அப்படித்தான், 16 பிட், 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ். 2016-இல் வந்த சோனி பிஎஸ்-எச்எக்ஸ்500 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். மற்ற வழி, ஊசியிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைக் கூட்டித்தரும் ஃபோனோ பிரீஆம்ப் ஒன்று, அதை டிஜிட்டலாக்கிக் கணினிக்கு அனுப்பும் ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 போன்ற ஒரு இன்டர்ஃபேஸ். பெட்டியும் ஒயரும் கூடும், ஆனால் ஒவ்வொன்றையும் பின்னால் தனித்தனியாக மாற்றலாம். நான் இந்தப் பக்கம்தான். எல்பி120 ஏற்கெனவே வீட்டில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், அதன் யுஎஸ்பியை விட்டுவிட்டு ஆடியோ அவுட்டிலிருந்து இன்டர்ஃபேஸுக்குப் போங்கள்.

மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே 16 பிட்டே 96 டெசிபல் இடைவெளி தருகிறது, நல்ல ரெக்கார்டுகூட 70-ஐத் தாண்டுவது அபூர்வம், பிறகு 24 எதற்கு என்று கேட்பீர்கள். பதியும்போது கிடைக்கும் நிம்மதிக்குத்தான். உச்சம், ஒலி உடையும் எல்லையான 0-க்குக் கீழே, மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி தாராளமாக இடம் விட்டுப் பதியலாம், அப்புறம் ஒலியைக் கூட்டினாலும் ஒன்றும் கெடாது.

96 கிலோஹெர்ட்ஸா, 192-ஆ என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை, 96 போதும். அதில் பாதி, அதாவது 48 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண் வரையுள்ள ஒலியை அது பிடிக்கும். எழுபதுகளில் வந்த சிடி-4 நான்கு சேனல் தட்டுகளில் 45 கிலோஹெர்ட்ஸ் வரை சிக்னல் உண்டு, அதுவும் இதற்குள் அடங்கிவிடும். 40 நிமிட ஆல்பம் சுருக்காமல் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் சுமார் 1.4 ஜிபி, 192-இல் அப்படியே இரண்டு மடங்கு.

உண்மையான வித்தியாசம் ஊசியில் இருக்கிறது. பக்கத்தின் கடைசிப் பாட்டைக் கேளுங்கள்: மையத்தை நெருங்க நெருங்க ஒரு சுற்றின் நீளம் குறைகிறது, அதே ஒலி அலைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன, சாதாரண உருண்டை ஊசியால் அவற்றுக்குள் இறங்க முடிவதில்லை. பாடகர் 'ஸ' சொல்லும் இடமெல்லாம் துணி கிழிவது போல 'ஸ்ஷ்ஷ்' என்று சிதறும், சிம்பல் வெறும் மணலாகிவிடும். அதை 192-இல் பதிந்தால் கிழிசல்தான் துல்லியமாக வரும். ஆடியோ டெக்னிகாவின் விஎம்95 காட்ரிட்ஜில் (ஊசியைத் தாங்கும் சிறு பெட்டி) உடலை அப்படியே விட்டு ஊசியை மட்டும் உருவி, நீள்வட்ட முனை கொண்ட 'இ'-க்குப் பதில் இன்னும் மெல்லிய முனை கொண்ட மைக்ரோலைன் 'எம்எல்' செருகலாம். முந்தைய உரிமையாளரின் தேய்ந்த ஊசி உழுத பள்ளத்தில்கூட, அது சுவரில் தேயாமல் மிஞ்சிய இடத்தைத் தொட வாய்ப்பு உண்டு. ஊசி தட்டை அழுத்தும் எடை 2 கிராம், தராசு வைத்தே பாருங்கள்.

தட்டை முதலில் ஈரத்தில் கழுவி, முழுக்கக் காயவிட்டுப் பதியுங்கள். பதிந்ததை, தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் (FLAC) கோப்பாக, கை வைக்காமல் எடுத்து வைத்துவிட்டு, 'டிக் டிக்' சத்தம் நீக்கும் வேலையெல்லாம் நகலில் மட்டும். அந்த மென்பொருளுக்குக் கீறலும் ஸ்னேர் டிரம்மின் முதல் அடியும் பல நேரம் ஒன்றாகவே தெரியும், கொஞ்சம் முடுக்கினாலும் டிரம்மர் தலையணையில் அடிப்பது போல ஆகிவிடும்.